ஃப்ரீ சீட்டும் கொசுறு மீனும்

போன சனிக்கிழமை மத்தியானம், கேளம்பாக்கம் தாண்டி ஒரு கல்லூரி மைதானத்தில், வேப்பமர நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். உனக்கும் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பி.டி. பீரியட் வந்தாலே தலைவலி என்று சொல்லிவிட்டு லைப்ரரிக்கு ஓடியவள் நான்.

ஸ்டெல்லா மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் அணியின் கோச். கையில் ஒரு தாள்.

‘இந்த வருஷம் டீமுக்கு எடுக்கப்போற பொண்ணுங்களுக்கு அனுப்பற லெட்டர் மேடம். இங்கிலீஷ் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பார்த்துடுங்க.’

படித்தேன். நாலாவது வரியில் அப்படியே நின்றுவிட்டேன். விளையாடும்போது காயம்பட்டு ஆட முடியாமல் போனாலும், படிப்பு முடியும்வரை மாணவியின் கட்டணமும் ஹாஸ்டலும் கல்லூரியின் பொறுப்பு. அந்த வரியின் சாரம் இதுதான்.

ஆங்கிலம் சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? நான் எழுதியதாயிற்றே! ஆனால் ஆங்கிலம் மட்டும்தான் என்னுடையது. அந்த வரிக்குச் சொந்தக்காரி வேறு ஒருத்தி. அவள் எனக்கு மீன் கொடுக்கிறவள்.

பேர் தேசம்மா. கோவளம் பக்கத்துக் குப்பம். விடிந்ததும் மீன் எடுத்து, தாம்பரம் பஸ்ஸில் கூடையை ஏற்றி, கண்டக்டரோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் சேலையூரில் எங்கள் தெருமுனையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். செவுளைத் தூக்கிக் காட்டாமல் ஒரு மீன் விற்க மாட்டாள். ‘நல்லா பாத்துக்க. அப்பால வூட்டுக்குப் போயி மூஞ்சத் தூக்காத’ என்பாள். பதினைந்து வருடப் பழக்கம். என்னை ‘நீ, வா, போ’ என்று பேசுகிற உரிமை என் வீட்டுக்காரருக்கு அடுத்து அவளுக்குத்தான்.

அவளுடைய ஒரே மகள் நந்தினி. சாஃப்ட்பால் ஆடுகிறவள்.

பேஸ்பால் தெரியுமில்லையா? இங்கிலீஷ் படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு, ‘பேஸ்’ என்கிற நாலு மூலையையும் தொட்டுத் தொட்டு ஓடுவார்களே... அதன் தங்கச்சிதான் சாஃப்ட்பால். பந்து கொஞ்சம் பெரிசு. சாஃப்ட் எல்லாம் பேரில்தான். விரலில் பட்டால் தெரியும் சேதி.

இதில் குப்பத்து ஜனங்களுக்கு ஒரு குழப்பம். பழைய மகாபலிபுரம் ரோடு நெடுகக் கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்புகிற காலம் இது. ‘சாஃப்ட்’ என்று ஆரம்பித்தாலே மீதியை ஜனங்களே முடித்துக்கொள்கிறார்கள். ‘இன்னா தேசம்மா, உன் பொண்ணு ஸ்கூலே முடிக்கல, அதுக்குள்ள சாஃப்ட்வேர்ல கீதாமே!’ என்று ஒருத்தி கேட்டாளாம். தேசம்மா மறுக்கவில்லை. ‘நா இன்னாத்துக்கு இல்லன்னு சொல்லணும்? நல்லாத்தான கீது!’ என்றாள் என்னிடம்.

ஆனால் மகள் ஆடுவதை முதல்தடவை பார்த்துவிட்டு வந்த அன்று அவளுக்கு ஒரே எரிச்சல். நந்தினி கேட்சர். பேட் பிடிப்பவளுக்குப் பின்னால், முகத்துக்கு இரும்பு மாஸ்க் போட்டுக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து பந்து பிடிப்பவள்.

‘மத்தவளுங்க எல்லாம் ஷோக்கா நின்னுகினு ஆடறாளுங்க. இவ ஒருத்தி மட்டும் குந்திகினு கீறா. குந்தறதுக்கு ஸ்கூலுக்குப் போவணுமா? அத்த நான் தெனம் செஞ்சிகினுதான கீறேன்!’

நந்தினி சிரித்தாள். ‘யம்மோவ், குந்திகினு கீறவளுக்குத்தான் மொத்த கிரவுண்டும் தெரியும்.’

தேசம்மா தன் கூடையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். ‘அதுவும் கரீட்டுதான்’ என்று ஒப்புக்கொண்டாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நந்தினி ப்ளஸ் டூ முடித்தாள். மார்க் சுமார். ஆனால் மாநில அளவிலான பள்ளிப் போட்டியில் அவள் ஆடியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் இரண்டு கல்லூரியிலிருந்து லெட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் தண்ணீர் படாமல் மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள் தேசம்மா.

‘நீ படிச்சி சொல்லு. எது நல்லதோ அதுல சேத்துடலாம். எதுவும் சரிப்படலன்னா மறைமல நகர்ல பார்ட்ஸ் கம்பெனிக்கி ஆள் எடுக்கறாங்க, ஷிப்ட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான். ஃபீஸ் கட்டி படிக்க வைக்க நம்மால ஆவாது.’

ஆக, விஷயம் இந்த இரண்டு காகிதத்தில் இருந்தது. இரண்டில் ஒன்று சரிப்பட்டால் படிப்பு. இல்லாவிட்டால் ஷிப்ட்.

முதல் லெட்டரைப் பிரித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் படித்த கல்லூரி! சென்னையில் அந்தப் பேரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். கனமான தாள், பொன் எழுத்தில் முத்திரை. விளையாட்டுப் பிரிவில் ஃப்ரீ சீட் என்று போட்டிருந்தது. கடைசியில் பொடி எழுத்தில், ஆண்டுதோறும் ஆட்டத்தைப் பரிசீலித்து என்று ஏதோ ஒரு வரி. அதெல்லாம் வழக்கமாகப் போடுவதுதானே என்று தாண்டிப் போய்விட்டேன்.

இரண்டாவது லெட்டர் கேளம்பாக்கத்தைத் தாண்டி ஒரு கல்லூரி. கேள்விப்பட்டதே இல்லை. மெல்லிசுக் காகிதம். ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ என்று போட்டிருந்தது. ஆனால் ‘ஸ்காலர்ஷிப்’ என்ற வார்த்தையில் ஒரு எழுத்தைக் காணோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

‘ஸ்காலர்ஷிப்புக்கே ஸ்பெல்லிங் தெரியல, இவங்க எங்க பாடம் நடத்தப் போறாங்க? கண்ணை மூடிக்கிட்டு எங்க காலேஜ்ல சேர்த்துடு தேசம்மா. எல்லாம் ஃப்ரீ!’ என்றேன்.

அவள் முகம் மாறியது. ‘ரெண்டுலயும் ஃப்ரீன்னா போட்டு கீது?’

‘ஆமா. நல்லதுதானே?’

‘இன்னா நல்லது? நீ மீன் வாங்கினாங்காட்டி நான் நாலு நெத்திலி சேத்துப் போடறேனே, அத்த இன்னான்னு சொல்லுவே?’

‘கொசுறு.’

‘அடுத்த வாரம் நான் போடலன்னா சண்டைக்கி வருவியா? வர முடியாது. ஏன்? கொசுறு என் இஷ்டம். காசு குடுத்து வாங்கின மீன் நாறிச்சின்னா நடுத்தெருவுல வச்சி என்ன கிழிச்சிட மாட்ட? அது பேசி வாங்கினது. எம் பொண்ணு இன்னா கொசுறா?’

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றாலும் விடுவேனா? படித்தவளாயிற்றே. ‘உனக்கு இதெல்லாம் புரியாது. அந்தக் காலேஜ் பேரு ஒண்ணு போதும்’ என்று அடித்துப் பேசினேன். ‘சரி, போயி செவுளத் தூக்கிப் பாத்துட்டு வரலாம்’ என்றாள் அவள்.

செவ்வாய்க்கிழமை தாம்பரத்தில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினோம். நான், தேசம்மா, நந்தினி. எனக்கென்னவோ மாமியார் வீட்டுக்குப் பெண்ணை அழைத்துப் போகிற மிதப்பு. விளையாட்டுத் துறை அறையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் கோப்பை. நான் பழைய மாணவி என்றதும் பி.டி. சார் காபி வரவழைத்தார். ‘இங்க சேர்றதே ஒரு பெருமை மேடம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல’ என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

தேசம்மா காபியைத் தொடவில்லை. ‘சார், ஒரே ஒரு கேள்வி. ஆடும்போது எம் பொண்ணுக்குக் கை ஒடஞ்சா?’

சார் சிரித்தார். ‘நல்ல வார்த்தை சொல்லி ஆரம்பிங்கம்மா.’

‘இல்ல சார், ஒடஞ்சா?’

‘ஆடலைன்னா எப்படிம்மா ஸ்போர்ட்ஸ் சீட்? வருஷா வருஷம் ரிவ்யூ உண்டே. லெட்டர்லயே போட்டிருக்கோமே.’

தேசம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

வெளியே வந்தபோது மைதானத்தில் பிராக்டிஸ் நடந்துகொண்டிருந்தது. ஓரமாக ஸ்கோர் எழுதும் மேஜையில் ஒரு பெண், முழங்காலில் பெரிய கட்டு. தேசம்மா நேராக அவளிடம் போனாள். ‘நீ ஆடலியா கண்ணு?’ போன வருடம் வரை ஆடினாளாம். முட்டியில் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். இந்த வருடம் அப்பா ஃபீஸ் கட்டுகிறாராம், வண்டியை விற்று. இதையெல்லாம் அந்தப் பெண் ஒரு குறையாகவே சொல்லவில்லை. ‘பெரிய காலேஜ் ஆன்ட்டி, விட்டுட்டுப் போக மனசு வரல’ என்றாள்.

திரும்பி வரும்போது, கிண்டி தாண்டியதும் தேசம்மா நிதானமாகக் கேட்டாள். ‘லெட்டர்லயே போட்டுக்கீதுன்னு சொன்னாரே. நீ படிக்கும்போது அத்த மட்டும் ஏன் படிக்கல?’

என் காலேஜ் என்கிற திமிரில் படிக்கவில்லை என்று சொல்வதா? யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோரும் இப்படித்தான். பேர் வாங்கிய இடம் ‘வா’ என்று கூப்பிட்டால் போதும்... கூப்பிட்டதே பாக்கியம் என்று வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறோம். பொடி எழுத்தைப் படிப்பது மரியாதைக் குறைவு என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். ‘தப்பு என்னோடதுதான் தேசம்மா’ என்றேன். பல்லாவரம் வந்தது. ‘சரி வுடு, பேஜார் பண்ணிக்காத’ என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

மறுநாள் கேளம்பாக்கம். அங்கே கோப்பையும் இல்லை, அலமாரியும் இல்லை. ஒரு தகரப் பெட்டியில் நாலைந்து கிளவுஸ். ஸ்டெல்லா மேடத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். முப்பது வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம். தேசம்மா அதே கேள்வியைக் கேட்டாள். ‘கை ஒடஞ்சா?’

ஸ்டெல்லா மேடம் நேராகவே சொன்னார். ‘தெரியலம்மா. இதுவரைக்கும் யாருக்கும் ஒடையல. டீமே இந்த வருஷம்தான் ஆரம்பிக்கறோம்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. தேசம்மாவுக்கு வரவில்லை. ‘பொய் சொல்லாம சொல்ட்ட. அப்ப எழுதிக் குடு’ என்றாள். ‘ஒடஞ்சாலும் மூணு வருசம் படிக்க வைக்கறோம்னு எழுது. அந்த ஃப்ரீன்றத அடிச்சிடு.’

மேடம் உள்ளே போனார். வரும்போது கூடவே தாளாளரும் வந்தார். அந்த ஊர்க்காரர். தகப்பனார் காலத்தில் நெல் விளைந்த தன் நிலத்திலேயே கல்லூரி கட்டியவர். வெள்ளை வேட்டி, முகத்தில் நல்ல கோபம்.

‘இன்னாம்மா இது? நாங்க ஃப்ரீயா குடுக்கறோம், நீ எங்களுக்கே கண்டிஷன் போடறியா? ஊர்ல போய் சொல்லு, சிரிப்பாங்க.’

நந்தினி அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ‘யம்மா, கம்முனு இரும்மா. இதுவும் போய்டப் போவுது’ என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. பெரிய கல்லூரி நேற்றே வேண்டாம் என்றாகிவிட்டது. இதுவும் போனால் பிள்ளைக்கு மறைமலை நகர் ஷிப்ட்தான்.

தேசம்மா நகரவில்லை. ‘ஃப்ரீயா குடுன்னு உன்ன யாரு சார் கேட்டா? உன் காலேஜுக்குப் பேரு கீதா? இன்னும் இல்ல. பேரு வேணுமா? வேணும். அத்த எவ வந்து ஓடி, வுழுந்து, அடிபட்டு உனக்கு வாங்கிக் குடுப்பா? எம் பொண்ணு குடுப்பா. அவ ஆடுவா, நீ படிக்க வைப்ப. இது பேச்சு. அடிபட்டா மட்டும் பேச்சு மாறிடுமா? உன் காலேஜுக்காவதான அடிபடுவா?’

தாளாளர் என்னைப் பார்த்தார், ஸ்டெல்லா மேடத்தைப் பார்த்தார், கடைசியில் தேசம்மாவையே பார்த்தார்.

‘எங்கப்பா குத்தகைக்கு விடறப்போ இப்பிடித்தான் பேசுவாங்க குத்தகைக்காரங்க. வெள்ளம் வந்தா இன்னா, மழை பொய்ச்சா இன்னான்னு மொதல்லயே கேட்டுக்குவாங்க’ என்றார். குரல் இறங்கியிருந்தது. ‘எழுதும்மா ஸ்டெல்லா. காயம் பட்டாலும் படிப்பு முடியறவரைக்கும் காலேஜ் பொறுப்பு. நீங்க இங்கிலீஷ் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கீங்களே மேடம், கொஞ்சம் சரியா போட்டுக் குடுங்க.’

போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேசம்மாவுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி எழுதினேன். ஃப்ரீ என்ற வார்த்தையை என் கையாலேயே அடித்தேன். ஸ்காலர்ஷிப்பில் காணாமல் போன எழுத்தையும் கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டேன். நந்தினி அன்றே சேர்ந்தாள்.

தேசம்மாவின் வாயோ என்னவோ... இரண்டாம் வருடம் நிஜமாகவே உடைந்தது. கை இல்லை, கட்டைவிரல். அதுவும் வலதுகை. பேட்டில் லேசாக உரசித் திசைமாறின பந்து நேராக விரல் நுனியில் இறங்கியது. அந்த வருடம் முழுக்க அவள் ஒரு மேட்ச் கூட ஆடவில்லை. இடது கையால் ஸ்கோர் எழுதினாள். கோழி கிறுக்கின மாதிரி இருக்கும், ஸ்டெல்லா மேடத்தைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது.

மூன்றாம் வருடம் தொடங்கிய ஜூன் மாதம் தேசம்மா மீன் விற்க வந்தாலும் பார்வையெல்லாம் எங்கேயோ இருந்தது. கல்லூரி திறந்து பத்து நாள் ஆயிற்று. ஃபீஸ் கட்டு என்றும், வேண்டாம் என்றும் ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே தாளாளருக்குப் போன் போட்டேன். ‘இதுக்கு எதுக்கு மேடம் போனு? எழுதிக் குடுத்தாச்சில்ல?’ என்று வைத்துவிட்டார். அதைச் சொன்னதும், நிம்மதியில் தேசம்மா என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். பதினைந்து வருடத்தில் நான் பார்த்த ஒரே தடவை அதுதான். நானும் அழுதேன். என் வீட்டுக்காரர் விஷயம் புரியாமல் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சரி, போன சனிக்கிழமைக்கு வருவோம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. எதிர் அணி யார் என்கிறீர்கள்? என் பழைய கல்லூரியேதான்! நான் எந்தப் பக்கம் கைதட்டினேன் என்று கேட்காதீர்கள். நந்தினி கேப்டன். கடைசி இன்னிங்ஸில் எதிரணிப் பெண் ஒருத்தி முதல் பேஸிலிருந்து இரண்டாவதுக்குத் திருட்டுத்தனமாக ஓடினாள். நந்தினி எழுந்திருக்கக்கூட இல்லை. குந்தின நிலையிலேயே, அந்த உடைந்து ஒட்டின விரலால் எறிந்தாள் பாருங்கள்... பந்து இரண்டாவது பேஸில் போய்ச் சேர்ந்து அரை வினாடி கழித்துத்தான் அந்தப் பெண் போய்ச் சேர்ந்தாள், அவுட்! மைதானமே எழுந்து நின்றது. தேசம்மா மட்டும் எழவில்லை. ‘பாத்தியா, குந்திகினே!’ என்று என் தொடையில் ஓங்கி அடித்தாள். இன்னும் வலிக்கிறது.

மேட்ச் முடிவு? ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள். இருந்தாலும் நான் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

காரணம், அப்போதுதான் ஸ்டெல்லா மேடம் அந்த லெட்டரோடு வந்தார். நந்தினிக்கு மட்டும் எழுதிக் கொடுத்த வரியை இந்த வருடத்திலிருந்து எல்லாப் பெண்களின் லெட்டரிலும் அச்சடிக்கப் போகிறார்கள். மேடம் விரும்பியதால் மட்டும் இல்லை. டீமில் சேர வருகிற பெண்களின் அப்பா அம்மா முதல் கேள்வியே, ‘அந்த மீன்காரம்மா லைன் போட்டுத் தருவீங்களா?’ என்றுதான் கேட்கிறார்களாம். திண்டிவனத்திலிருந்து வந்தவர்கூட அப்படியேதான் கேட்டாராம். பெரிய கல்லூரி கூப்பிட்ட இரண்டு பெண்கள், இந்த ஒரு வரிக்காக அதை விட்டுவிட்டுக் கேளம்பாக்கம் வந்துவிட்டார்கள். பேர் வாங்க ஊரெல்லாம் கோப்பை தேடி ஓடுகிறது, இந்தக் கல்லூரிக்கு அந்தப் பேரை ஒரே ஒரு வரி வாங்கிக் கொடுத்துவிட்டது.

மேட்ச் முடிந்து கிளம்பும்போது என் பழைய கல்லூரியின் பி.டி. சார் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். கொஞ்சம் தயங்கினார். ‘மேடம், அந்த லெட்டர் ஒரு காப்பி கிடைக்குமா? மேனேஜ்மென்ட்ல காட்டணும்’ என்றார்.

‘எழுதினது நான்தான் சார். ஆனா கேட்க வேண்டியது அவங்ககிட்ட’ என்று தேசம்மாவைக் காட்டினேன். அவள் மகளின் இரும்பு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கம்பி வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் மாஸ்க்கைக் கழற்றாமலே, ‘குடு, குடு. அந்த முட்டி ஒடஞ்ச பொண்ணு மாதிரி இன்னொருத்தி குந்தக்கூடாது’ என்றாள். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் தெருமுனை. ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். தேசம்மா பையைக் கட்டப் போனவள், நிறுத்தி, கை நிறைய நெத்திலியை அள்ளி உள்ளே போட்டாள்.

‘என்ன தேசம்மா, கொசுறா?’ என்று சீண்டினேன்.

‘கொசுறு இன்னா கொசுறு? மூணு வருசம் முன்ன லெட்டரு எழுதினியே, அதுக்குக் கூலி!’